மூலையுள்ள பாத்திரம்

பீங்கான் பாத்திரம் ஒன்று வாங்க வேண்டும், ராமநாதபுரம் வரை வாருங்கள் என்று என் ஓரகத்தி கூப்பிட்டபோது, ஒரு பாத்திரத்துக்கு இரண்டு பேர் எதற்கு என்று கேட்டேன். ஓரகத்தி என்றால் என் கொழுந்தனின் மனைவி. வயதில் என்னைவிட நன்றாகச் சின்னவள். அக்காள்மடத்தில் ரோட்டை ஒட்டிய வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் பல வருஷமாகச் சமைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் தம்பிக்கு ஒரே படகு, வீட்டுக்கு ஒரே உலை. "நீங்க இல்லாம எனக்குப் பாத்து எடுக்கத் தெரியாதுக்கா" என்றாள். கடைக்குள் நுழைந்தால் எதை எடுப்பது என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எனக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு ஒரு மகள், அந்த வருஷம்தான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். பால் மறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை என் பக்கத்தில்தான் படுக்கும். தலை சீவி விடுவது, பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லாம் நான். பெற்றவள் அவள், வளர்த்தவள் நான் என்று சினிமா வசனம் பேச மாட்டேன். அவளும் வளர்த்தாள். ஆனால் 'பெரிம்மா' என்று என்னைக் கூப்பிடுகிற குரலில் இருக்கிற அதிகாரம் 'அம்மா' என்று கூப்பிடும்போது அந்தப் பிள்ளைக்கு வராது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. யாருக்காவது கண் உறுத்தினால் உறுத்திவிட்டுப் போகட்டும்.

அது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நின்றது. ஆண்கள் வீட்டில் இருந்தால் அடுப்பு அணையாது என்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். காலையில் தின்று முடித்த கையோடு மத்தியானம் என்ன என்று கேட்பார்கள். அதனால் அந்த மாதங்களில் எங்கள் வீட்டு ஓவனுக்கும் ஓய்வு கிடையாது. ஓவன் வந்து இரண்டு கிறிஸ்மஸ் ஆகியிருந்தது. கேக் போடுகிறேன் என்று ஓரகத்தி வாங்க வைத்தது. நாலைந்து தடவை கேக் போட்டதோடு சரி, பிறகு எங்கள் சாப்பாடு அதற்குள் ஏறிவிட்டது. மரவள்ளிக்கிழங்கை அவித்து மசித்து, தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, பாதியை அடியில் பரப்பி, முள் எடுத்த விளைமீனை மிளகு வெங்காயத்தோடு வதக்கி நடுவில் வைத்து, மீதிக் கிழங்கால் மூடி, மேலே முட்டையை அடித்து ஊற்றி வேகவைப்போம். இதற்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் இருக்காது. நாங்கள் கிழங்கு மீன் என்போம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதுதான். ஓரகத்தி ஆண்களுக்குச் சோறு எடுத்து வைக்கக் கூடத்துக்குப் போய்விடுவாள். நான் அடுப்படியிலேயே ஓவனிலிருந்து அலுமினியத் தட்டை வெளியே எடுத்து அறுப்பேன். பிள்ளை என் முழங்கையை ஒட்டி நிற்பாள். அலுமினியத் தட்டின் நாலு மூலையிலும் கிழங்கு நன்றாக முறுகிப் பழுப்பாகியிருக்கும், சில நாள் கறுத்தும் போயிருக்கும். அவளுக்கு அதுதான் வேண்டும். நடுவில் இருக்கிற மெத்தென்ற துண்டைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள், ஆனால் அந்த அலுமினியத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாலு மூலையையும் வெட்டி அவள் தட்டில் வைத்தால்தான் முகம் தெளியும். இது எனக்கும் அவளுக்கும் இடையில் நடக்கிற காரியம். கூடத்தில் இருக்கிற மூன்று பேருக்கும் தட்டு மூலை இல்லாமல் வந்து சேரும், யாரும் கேட்டதில்லை.

அந்த அலுமினியத் தட்டு நெளிந்து அடிபிடிக்கத் தொடங்கியிருந்தது. எனவே பீங்கான். பஸ் ஏறி ராமநாதபுரத்தில் இறங்கி, அரண்மனைப் பக்கம் இருக்கிற ஒரு பெரிய பாத்திரக்கடைக்குப் போனோம். கீழே எவர்சில்வர், மேல்மாடியில் இந்த மாதிரிச் சாமான்கள். விற்பனைக்கு நின்ற பெண் அதை ஸ்டோன்வேர் என்றாள். பெயர் எதுவாக இருந்தால் என்ன, தூக்கிப் பார்த்தால் கை இறங்கியது, தட்டினால் கணீரென்று ஒலித்தது.

"ரவுண்டு எடுத்தா எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல வேகும்க்கா. ஓவல் முழு மீனு வைக்கிறவங்க வாங்குறாங்க. நீளமா இருக்கது ஃபேமிலி சைஸு. சதுரம் அதிகம் போகாது, இந்தா, சின்னதா ஒண்ணு கெடக்கு" என்று வரிசையாக எடுத்து வைத்தாள். நான் யோசிக்கவே இல்லை. நீளமானதைத் தூக்கினேன். இரண்டு பக்கமும் காது வைத்தது, உள்ளே வெள்ளை, வெளியே கடல் கலங்கினால் இருக்குமே அந்த நிறம். ஐந்து பேருக்குப் போக, ஞாயிற்றுக்கிழமை தப்பாமல் வந்து சேர்கிற ஒரு விருந்தாளிக்கும் காணும். நாலு மூலையும் நன்றாக இருந்தன.

"அது கொள்ளாதுக்கா" என்றாள் ஓரகத்தி. "அளவு எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்."

கைப்பையிலிருந்து ஒரு நீல நைலான் நூலை எடுத்தாள். என் வலைக்கூடையில் இருக்கிற நூல்தான். அதில் இரண்டு முடிச்சு. முதல் முடிச்சு வரை ஓவனின் அகலம், அடுத்தது வரை ஆழம். நூலைப் பாத்திரத்தின் மேல் வைத்தாள். பாத்திரம் இரண்டு பக்கமும் நூலைத் தாண்டிப் போயிற்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயசிலிருந்து நான் வலை பின்னுகிறவள், கிழிந்த வலையைச் சரிசெய்கிறவள். வலைக் கண் எத்தனை விரல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எங்கள் ஓவனுக்குள் ஆயிரம் தடவை கையை விட்டிருக்கிறேன். நூலை வாங்கி விரல் வைத்துப் பார்த்தேன்.

"ஏத்தா, என்னத்த அளந்த நீ? நம்ம ஓவனு இதவிட நாலு விரல் கூட இருக்கும். நூலு சுருங்கிப் போச்சா, நீ சுருங்கிப் போனியா?"

"இல்லக்கா, சரியாத்தான் அளந்தேன். ரெண்டு தடவ அளந்தேன்."

"எத அளந்த?"

கடைப்பெண் ஒரு துணியை எடுத்துப் பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் நூலைக் கையில் பிடித்தபடி நின்றேன். இந்த நூல் வேறு ஓவனின் நீளம். வேறு ஓவன் வேறு அடுப்படியில்தான் இருக்கும். அந்த அடுப்படிக்குள் இவள் என் நூலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எஞ்சினுக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று கொழுந்தன் வாரத்துக்கு இரண்டு தடவை ராமநாதபுரம் வந்ததெல்லாம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"எங்கன இருக்கு அந்த ஓவனு?" என்றேன்.

"கேணிக்கரைப் பக்கம்க்கா. மாடி வீடு. ஓவனு எங்கம்மா வாங்கிக் குடுத்தது." குரல் உள்ளே போய்விட்டது. "பிள்ளைக்கு இங்கன ஸ்கூல்ல எடம் கெடச்சிருச்சு. இவுகளுக்கும் எங்கண்ணன் வேன் ஓட்டுற வேல பாத்து வச்சிருக்காக. இனிமே கடல் வேணாம்னுட்டாக."

பிள்ளையைக் கொண்டு போகப் போகிறார்கள். மற்றதெல்லாம் என் காதில் விழுந்தது, ஆனால் மனதில் நின்றது அது ஒன்றுதான். நீளப் பாத்திரத்தைத் திரும்பக் கையில் எடுத்திருந்தேன். அதைக் கீழே போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். போட்டிருந்தால் அந்த மாடியே திரும்பிப் பார்த்திருக்கும். எனக்கு வேண்டியதும் அதுதான். கடைப்பெண்ணுக்கு என்ன தெரிந்ததோ, "குடுங்கக்கா, கனமா இருக்கும்" என்று மெதுவாக வாங்கி வைத்துவிட்டாள்.

ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதுகொண்டே காரியம் பார்க்கிற திறமை அவளுக்கு உண்டு. நூலை என்னிடமிருந்து வாங்கி, சின்ன வட்டப் பாத்திரத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. "ரவுண்டே எடுத்துக்கிறேன். மூலைன்னு இருந்தா கருகித்தான் போகுது. யாரு திங்கிறா அத" என்று கடைப்பெண்ணிடம் சொன்னாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாங்கட்டும். வட்டத்தில் வேகட்டும். மூலை இல்லாத துண்டைத் தட்டில் வைக்கட்டும். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும், அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைக்கட்டும், என்னைத் தேடட்டும். தேடினால் அங்கே இருக்க மாட்டாள், திரும்பி வந்துவிடுவாள். ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைத் திரும்ப வரவழைக்கலாம் என்று, படித்தவர்கள் சிரிக்கிற மாதிரி ஒரு கணக்கை அங்கே நின்று போட்டேன். கடைப்பெண் வட்டப் பாத்திரத்தைப் பழைய பேப்பரில் சுற்ற ஆரம்பித்தாள்.

அவள் அதை இரண்டாவது பேப்பரில் வைத்தபோது பிள்ளையின் முகம் எனக்கு முன்னால் வந்துவிட்டது. புது வீட்டில், யாரும் பழக்கமில்லாத இடத்தில், பசியோடு தட்டைப் பார்த்துக்கொண்டு. என் வீம்புக்கு அவள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

"அது வேணாம்" என்றேன். "அந்தச் சதுரத்த எடு."

"அதுல மூலை கருகுமேக்கா" என்றாள் ஓரகத்தி.

"கருகட்டும். ஒம் மக அதத்தான் திம்பா. நாலு மூலையையும் வெட்டி அவ தட்டுல வச்சிரு. வாயத் தொறந்து கேக்க மாட்டா. வைக்கலேன்னா ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சிருவா."

அவள் என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதேக்கா" என்றாள். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெற்றவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட நிற்கவில்லை. சொல்லிவிட்டேன், இனி அவளுக்கும் தெரியும்.

சதுரப் பாத்திரத்தின் மேல் நூலை நானே வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் இடம் விட்டுக் கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்று பேருக்குச் சரியாக இருக்கும். "நம்ம வீட்டுக்கு அந்த நீளமானத எடுப்போமாக்கா?" என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நம்ம வீடுன்னு எதத்தா சொல்ற?" என்று கேட்டேன்.

பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தோம். வேறு இடம் காலி இல்லை. பாத்திரம் அவள் மடியில் இருந்தது. உச்சிப்புளி தாண்டியதும் அவள் பேசினாள். வீட்டில் எல்லோருக்கும் ஒரு மாதமாகத் தெரியுமாம். என் வீட்டுக்காரருக்கும் தெரியுமாம்.

"அத்தான்தான் சொன்னாக, ஒங்கக்காவ எதாவது கடைக்குக் கூட்டிட்டுப் போயிச் சொல்லிரு, கடையில வச்சுக் கத்த மாட்டான்னு."

வேறு சமயமாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். முப்பது வருஷமாக என்னோடு குடித்தனம் செய்கிற மனுஷன் கணக்குத் தப்பாமல்தான் சொல்லியிருக்கிறார். நான் கடையில் கத்தவில்லை. பஸ்ஸிலும் கத்தவில்லை. பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியபோது எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார்கள், நான் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர்கள் செய்ததில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கடல் வேண்டாம் என்று ஒருவன் நினைப்பது குற்றமில்லை. பெற்ற பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதும் குற்றமில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் கோபம் இன்னும் ஏறியது.

வீட்டுக்காரர் கரையில் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு வந்தவரிடம் கேட்டேன். முதலில் தலையைச் சொறிந்தார், தண்ணீர் கேட்டார், வெயில் என்றார்.

"ஒங்கிட்டச் சொன்னா நீ ஆடிருவ" என்றார் கடைசியாக.

"ஆடுனா ஆடிட்டுப் போறேன். ஆடக்கூட விடாம ஒரு மாசம் என்னய மட்டும் கோமாளியா வச்சிருந்தீகளே!"

"பயமா இருந்துச்சு" என்றார். "பிள்ளையக் குடுக்க மாட்டேன்னு சொல்லிருவியோன்னு எல்லாருக்கும் பயம்."

அடுப்படிக்குப் போய் இருக்கிற பாத்திரத்தையெல்லாம் இறக்கிப் போட்டுத் தேய்த்தேன். குடுக்க மாட்டேன் என்று சொல்ல நான் யார்? அந்த வீட்டில் இத்தனை வருஷமும் அது என் பிள்ளை என்றுதான் எல்லோரும் நடந்துகொண்டார்கள், நானும் நடந்துகொண்டேன். இப்போது அவர்கள் எனக்குப் பயந்தார்கள் என்றால், என்னிடமிருந்து எடுக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக வலித்தது.

ஜூன் தொடக்கத்தில் போவதாக முடிவாகியிருந்தது. அந்த இடைப்பட்ட நாட்களில் ஓரகத்தி என்னிடம் ரொம்ப மரியாதையாக இருந்தாள். மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் குழம்பில் உப்பு கூடினால் இரண்டு பேரும் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொள்வோம், இப்போது "நல்லா இருக்குக்கா" என்று உப்புக் கரிக்கிற குழம்பைச் சாப்பிட்டாள். பிள்ளை மட்டும்தான் மாறாமல் இருந்தாள். புதுப் பள்ளிக்கூடத்தில் ஊஞ்சல் இருக்கிறதாம், பஸ் இருக்கிறதாம், நாளெல்லாம் அதே பேச்சு. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிளம்புகிறதற்கு முந்தின நாள் சாயங்காலம் அறைக்குள் போனேன். பிள்ளை ஒரு பெரிய பையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கவுன்கள், பொம்மை, கலர் பென்சில், அதற்கு மேலே இரண்டு தலையணை.

"எதுக்குடி ரெண்டு?"

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஒங்களுக்கு."

"நான் எங்கன வாரேன்?"

தெரிந்துகொண்டே கேட்கிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "புது வீட்டுக்குத்தான் பெரிம்மா" என்றாள்.

அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. என்னிடம் சொல்ல ஒரு கடையைக் கண்டுபிடித்தார்கள், பிள்ளையிடம் சொல்ல என்னையே விட்டுவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பெரியப்பாவுக்குச் சோறாக்க ஆள் வேண்டும், அதனால் பெரிம்மா வரவில்லை என்று சொன்னேன். "பெரியப்பாவும் வரட்டும்" என்றாள். படகை யார் பார்ப்பது என்றேன். நான் என் தலையணையைப் பையிலிருந்து எடுத்தேன். அவள் அழவில்லை. என் கையிலிருந்து அதை வாங்கித் திரும்பப் பைக்குள் வைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அவர்கள் போய் இரண்டு வாரம் இருக்கும், ஓரகத்தி போன் செய்தாள். பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதாம். சாப்பாடு ஒழுங்காகப் போகிறதாம், மூலை எல்லாம் மிச்சமில்லாமல் காலியாகிறதாம். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"படுக்கத்தான்க்கா பக்கத்துல விட மாட்டேங்குறா. ஒங்க தலகாணியப் பக்கத்துல போட்டு, எடம் விட்டுப் படுக்குறா. நான் போயிப் படுத்தா, அது பெரிம்மா எடம்னு எந்திரிச்சு ஒக்காந்துக்கிறா. நான் என்னக்கா செய்யட்டும்?"

ஒரு மாதத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் எனக்குக் குளுகுளுவென்று இருந்திருக்கும். இப்போதும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டிருந்தாள், பெற்ற தாய், தன் பிள்ளையின் பக்கத்தில் படுக்க என்னிடம் வழி கேட்டு.

"அவ தூங்குற மட்டும் தள்ளியே இரு" என்றேன். "தூங்குனப்புறம் மெதுவாப் போயி அந்தத் தலகாணியில தல வச்சுப் படுத்துக்கத்தா. பாதியில முழிச்சுக் கையப் போட்டுத் தடவிப் பாப்பா. பேசாம இரு. நீ பேசுனாத்தான் நான் இல்லைன்னு அவளுக்குத் தெரியும்."